தஞ்சையில் நெளிந்த வட்டம்

அந்தமான் தீவுகளுள் தென் அந்தமானின் மேற்குக் கரையில் வண்டூர் என்றொரு சிற்றூர் உண்டு. நெடுங்காலம் போர்ட் பிளேர் என வழங்கி, 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள தலைநகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் அது இருக்கிறது. 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்கு அவ்வூரே வாயில். பவளப் பாறைகளைக் காணச் செல்வோர் அங்கிருந்துதான் படகேறுகின்றனர். அப்படகுகளின் யந்திரங்களைப் பழுது பார்ப்போருள் ஒருவன் என் சிற்றன்னையின் மகன். வண்டூரில் வீடு கட்டிக்கொண்டு பல்லாண்டுகளாக அங்கேயே வாழ்கிறான்.

மாலை வேளைகளில் அவனுக்கு வேறொரு பித்து உண்டு. வீட்டின் பின்கட்டில் ஒரு சிறிய சி.என்.சி. யந்திரத்தை வைத்திருக்கிறான். கணிப்பொறி இடும் ஆணைப்படி, சுழலும் உளியை நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று வழிகளில் நகர்த்தி மரத்தைச் செதுக்கும் யந்திரம் அது. இவற்றோடு நான்காம் அச்சு என்று ஓர் உறுப்பையும் அவன் பொருத்தியிருந்தான். கடைசல் பட்டறையில் மரம் சுழல்வதுபோல, இதுவும் மரத்தைச் சக்கில் பிடித்துச் சுழற்றும். ஒரு வேறுபாடு என்னவெனில், கடைசல் மரம் ஓயாது சுழலும். நான்காம் அச்சோ சொன்ன அளவு பாகை மட்டும் திரும்பி, சொன்ன இடத்தில் நிற்கவேண்டும். நிற்கத் தவறுமானால் அதனாற் பயனில்லை.

சென்ற முறை நான் அங்குச் சென்றிருந்தபோது அது தவறிக்கொண்டிருந்தது. பூசை மாடம் ஒன்றுக்காக நான்கு சிறு தூண்களைப் படாக் மரத்தில் செய்துதர அவன் ஒப்புக்கொண்டிருந்தான். படாக் என்பது அத்தீவுகளுக்கே உரிய சிவந்த வன்மரம். நம் நாட்டு வேங்கையின் இனத்தது. உச்ச நீதிமன்றம் 2002இல் பிறப்பித்த ஆணைகளுக்குப் பின் அங்கே மரம் வெட்டுவது பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டுவிட்டமையால், ஒரு துண்டு பாழானால் எளிதில் மறு துண்டு கிடைப்பதில்லை. 80 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தூணில் பதினாறு பள்ளவரிகள் சமதூரத்தில் ஓடவேண்டும். பதினைந்து இடைவெளிகள் ஒழுங்காகவே இருந்தன. பதினாறாம் வரிக்கும் முதல் வரிக்கும் இடைப்பட்ட வெளி மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் அகன்றிருந்தது. வட்டம் வந்து சேரவில்லை.

“அண்ணே, பெல்ட்டை மாற்றிவிட்டேன், சக்கை முறுக்கிவிட்டேன், மோட்டாரைக்கூடக் கழற்றிப் பார்த்துவிட்டேன். இனி எதைக் கழற்றுவது?” என்று கேட்டான்.

எனக்கு அப்போது தஞ்சாவூர் நினைவுக்கு வந்தது. 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் மதிற்புறத்தில் ஒருவர் இதே கேள்வியைத் தம்முள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவர் முன்னே கிடந்தது ஒரு தூணன்று; இந்தியாவின் நிலப்படம் முழுவதுக்கும் அடிப்படையாகவேண்டிய ஒரு வட்டம். அந்த வரலாற்றை அன்று மாலை அவனுக்குச் சொன்னேன். அதையே இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வட்டத்தை 360 பாகைகளாகப் பிழையின்றிப் பிரிப்பது எளிதெனத் தோன்றும். செய்து பார்த்தவர்க்கே அதன் கடுமை தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் கருவிகளின் வட்டங்களைக் கம்மியர் கவராயமும் கூர்முனையும் கொண்டு கையாலேயே பிரித்து வந்தனர். ஒரு கோட்டில் நேரும் சிறு பிழை அடுத்த கோட்டுக்கும் தொற்றும். இந்நிலையை மாற்றியவர் லண்டனில் கருவி செய்துவந்த ஜெஸ்ஸி ராம்ஸ்டென். அவர் அமைத்த பிரிப்பு யந்திரத்தின் விவரம் 1777இல் வெளியாயிற்று. கடலில் தீர்க்கரேகையை அறியும் முயற்சிகளை ஆதரித்துவந்த ஆங்கிலேய அரசின் வாரியம், அந்த ரகசியத்தைப் பிறர்க்கும் கற்பிக்கவேண்டும் என்ற உடன்பாட்டின்மேல் அவருக்குப் பொருள் கொடுத்தது.

அந்த யந்திரத்தில் 45 அங்குலக் குறுக்களவுள்ள ஒரு வெண்கலச் சக்கரம். அதன் விளிம்பில் 2160 பற்கள். பற்களில் பொருந்தி அதைத் திருப்பும் ஒரு புரியாணி. புரியாணி ஒரு முறை சுழன்றால் சக்கரம் ஒரு பல் நகரும். 2160 என்ற எண்ணை ராம்ஸ்டென் ஏன் தேர்ந்தார்? 360ஆல் வகுத்தால் மீதியின்றி 6 வருகிறது. ஆறு முழுச் சுழற்சிக்கு ஒரு பாகை. ஒரு சுழற்சிக்குப் பத்துக் கலை. பின்னம் எங்கும் இல்லை. இந்த எண்ணை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். வண்டூருக்குத் திரும்பும்போது அது வேண்டியிருக்கும்.

ராம்ஸ்டெனிடம் தொழில் பயின்றவர் வில்லியம் கேரி. சென்னை அரசாங்கத்தின் ஆதரவில் தென்னிந்தியாவை முக்கோண முறையில் அளக்கத் திட்டமிட்ட வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரிக்குரிய பெரிய தியோடலைட்டைச் செய்தவர் இந்தக் கேரியே. தியோடலைட் என்பது கோணமானி. தொலைநோக்கியை ஒரு குறியின்மேல் திருப்பி, பின் மற்றொரு குறியின்மேல் திருப்பினால், இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தை அடியிலுள்ள வட்டத்தின் கோடுகள் காட்டும். லாம்டனுடைய கருவியில் கிடைவட்டத்தின் குறுக்களவு மட்டும் மூன்று அடி. எடை ஏறத்தாழ அரை டன். அதை ஏற்றிவந்த கப்பல் பிரெஞ்சுக்காரரின் கையில் சிக்கி, கருவி மொரீஷியஸ் தீவில் இறக்கப்பட்டது. அது விஞ்ஞானத்துக்குரிய கருவி எனக் கண்ட அத்தீவின் ஆளுநர் பகைமை பாராட்டாது அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார் என்பது அக்கால மரபுகளுள் நினைக்கத்தக்கதொன்று.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து லாம்டன் தம் பணியைத் தொடங்கினார். அதன்பின் நிலத்தைச் சங்கிலியால் அளக்கவேண்டியதில்லை. ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றைப் பக்கங்கள் கணக்கில் கிடைத்துவிடும். அப்பக்கங்கள் அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடாகும். இவ்வாறு மலைக்கு மலை, கோபுரத்துக்குக் கோபுரம் முக்கோணங்கள் படர்ந்து செல்லும். இத்தனை செலவு எதற்கு, சீரங்கப்பட்டணத்துக்குப் போக விரும்புவோர் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னாற் போதாதா என்ற கருத்தில் நிதி அதிகாரி ஒருவர் எழுதினாராம். பல்லக்குத் தூக்கிகளுக்கு வழி தெரியும் என்பதில் ஐயமில்லை. பூமியின் வடிவம் அவர்களிடம் கேட்டறியக்கூடியதன்று.

இவ்வேலையில் பிழையை எவ்வாறு கண்டுபிடிப்பது? வட்டமும் முக்கோணமும் தாமே காட்டிக்கொடுக்கும். ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை வரவேண்டும். பூமி உருண்டையாதலின் பெரிய முக்கோணங்களில் சிறிது மிகையாகும். சுமார் 75 சதுர மைலுக்கு ஒரு விகலை. அந்த மிகைக்குமேல் வேறுபாடு வந்தால் கருவியிலோ கண்ணிலோ குற்றம் உண்டு என்பது தெளிவு. இன்னொரு சோதனையும் உண்டு. 1804இல் பெங்களூர் அருகே லாம்டன் மற்றொரு கோட்டை நேரே அளந்து, பரங்கிமலையிலிருந்து கணக்கிட்டு வந்த நீளத்தோடு ஒப்பிட்டார். ஏழு மைலுக்கு மேற்பட்ட கோட்டில் வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு. கருவி அப்போது அத்துணைச் செம்மையாக இருந்தது.

ஒரு விகலை என்பது எவ்வளவு சிறியது? மூன்றடி வட்டத்தின் விளிம்பில் அது ஒரு மில்லிமீட்டரில் 450இல் ஒரு பங்குக்கும் குறைந்தது. ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ முப்பது விகலையை மறைத்துவிடும். அதனாலேயே வட்டத்தின் கோடுகளை நுண்ணோக்கிகள் வைத்து வாசித்தனர். அவையும் ஒன்றுக்கொன்று எதிர்ப்புறத்தில் இருக்கும். வட்டத்தின் மையமும் சுழலும் அச்சின் மையமும் ஒரு மயிரிழை விலகியிருந்தால், ஒரு புறத்து நுண்ணோக்கி கூட்டிக் காட்டும் அளவை எதிர்ப்புறத்தது குறைத்துக் காட்டும். இரண்டின் சராசரியில் பிழை மறைந்துபோகும்.

முக்கோணங்கள் தெற்கு நோக்கிப் படர்ந்து காவிரிச் சமவெளிக்கு வந்தன. அங்கே மலை இல்லை. தென்னையும் வாழையும் பார்வையை மறைத்தன. உயரமாக இருந்தவை நம் முன்னோர் எடுப்பித்த கோயில்களே. 1808இல் லாம்டன் தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் விமானத்தைத் தேர்ந்தார். இராசராசன் காலத்தில், 1010ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்ற விமானம் அது; உயரம் 200 அடிக்கு மேல். அரை டன் எடையுள்ள பெட்டியைக் கப்பியும் கயிறும் கொண்டு மேலே இழுத்தனர். பெட்டி சுவரில் மோதாதபடி விலக்கிப் பிடித்திருந்த கயிறுகளுள் ஒன்று அறுந்தது. கருவி கற்சுவரில் பலமாக மோதியது. பெட்டி நொறுங்கியது. வட்டத்தை இம்மியளவு நகர்த்துதற்குரிய மரையாணியும் அதன் பிடிப்பும் அடியைத் தாங்கின. அடி அவற்றின் வழியே விளிம்புக்கும் சென்றது. அழகிய வட்டமாக இருந்த விளிம்பு நெளிந்து, எவ்வகையிலும் பயன்படாது என்று கண்டோர் கருதும் நிலையை அடைந்தது.

லாம்டனுடைய நிலையை எண்ணிப் பாருங்கள். வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. வேறு கருவி வேண்டுமானால் லண்டனுக்கு எழுதிப் பாய்க்கப்பலில் வரவழைக்கவேண்டும். கடலில் பிரெஞ்சுப் போர் நடக்கிறது. சர்க்காரில் இவ்வேலையை நிறுத்திவிடலாம் என்று சொல்லக் காத்திருப்போரும் உண்டு.

அவர் ஒரு கூடாரத்தினுள் அடைந்துகொண்டார். தலைமைக் கம்மியர் தவிர வேறெவரும் உள்ளே வர அனுமதிக்கவில்லை. கருவியை முற்றிலும் கழற்றினார். ஒரு பெரிய மரப்பலகையில் தமக்கு வேண்டிய அளவுக்குச் சரியான வட்டம் ஒன்றை வெட்டுவித்தார். நெளிந்த விளிம்பை அப்பலகை வட்டத்தோடு பொருத்தி, ஆப்பும் மரையாணியும் கப்பியும் கொண்டு சிறிது சிறிதாக இழுத்து, வட்டத்தோடு படியும்வரை வெளியே கொண்டுவந்தார். வளைந்த ஆரக்கால்களைச் சிறு கொட்டாப்புளிகளால் தட்டித் தட்டி நேராக்கினர். இவ்வாறு ஆறு வாரங்கள். இறுதியில் வட்டம் ஏறத்தாழத் தன் பழைய வடிவை அடைந்தது. லாம்டனுக்குப் பின் அப்பணியை ஏற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் எழுதிவைத்ததால் நமக்கு இவ்விவரம் கிடைக்கிறது.

நான் இதில் வியப்பது லாம்டனின் பொறுமையை மட்டுமன்று, பலகையை. நெளிந்த ஒன்றை அதனோடேயே ஒப்பிட்டுத் திருத்த இயலாது. குற்றமற்ற மற்றொரு வட்டம் வேண்டும். அதை அவர் லண்டனில் தேடவில்லை. ஒரு மையம், ஒரு ஆரம், ஒரு மரத்துண்டு என்ற மூன்றைக் கொண்டு அங்கேயே உண்டாக்கிக்கொண்டார். கொட்டாப்புளி பிடித்த கைகள் எவருடையவை? அக்கம்மியரின் பெயர்களை எவரெஸ்ட் எழுதவில்லை. பித்தளையை எவ்வளவு தட்டினால் அது திரும்பும், எவ்வளவுக்கு மேல் தட்டினால் நீண்டுபோகும் என்பது நூல்களில் கிடைக்கும் அறிவன்று. ஆறு வாரமும் அவ்வறிவைத்தான் லாம்டன் நம்பியிருந்தார்.

திருத்திய கருவியோடு அவர் தெற்கே கன்னியாகுமரி முனைவரை சென்றார். பின் வடக்கே திரும்பினார். 1823ஆம் ஆண்டு சனவரியில் மத்திய இந்தியாவில் ஹிங்கன்காட் என்னுமிடத்தில் காலமாகும்வரை அளந்துகொண்டேயிருந்தார். அவ்வட்டம் முற்றும் குணமாயிற்று என்று சொல்வதற்கில்லை. வட்டத்தில் எஞ்சும் நெளிவு ஒரு பகுதியில் கூட்டியும் மற்றொரு பகுதியில் குறைத்தும் காட்டும். ஒரே கோணத்தை வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் அளந்து சராசரி காண்பதே அதற்கு மருந்து. எவரெஸ்ட் தம் காலத்தில் தொடக்கக் கோட்டை முறையாக மாற்றி மாற்றி வைத்து அளப்பதைக் கண்டிப்பான விதியாக்கினார். லாம்டன் அளந்த தென்பகுதி, 1860களிலும் 1870களிலும் மேம்பட்ட கருவிகளால் மறுபடி அளக்கப்பட்டது.

1830இல் எவரெஸ்ட் ஹென்றி பாரோ என்ற கருவித் தச்சரை இங்கிலாந்திலிருந்து அழைத்துவந்தார். தஞ்சையில் அடிபட்ட தியோடலைட்டைப் பாரோ புதுக்கியமைத்தார். ஆயினும் அதற்கும் முன்பே, 1820களில், நம் பகுதியிலிருந்து ஒருவர் கல்கத்தாவுக்குச் சென்றிருந்தார். ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மோசின் உசேன் என்பவர் அவர். சென்னையில் நுண்ணிய பொன்வேலை செய்து வந்தவர். நில அளவைத் தலைவராயிருந்த வாலன்டைன் பிளாக்கர் அவருடைய கைத்திறனைக் கண்டு உடன் அழைத்துச் சென்றார். பாரோ விலகிய பிறகு, அளவைத் துறையின் கருவிகளைப் பேணும் பொறுப்பு மோசினிடம் வந்தது. ஐரோப்பியருக்கே உரியதென்று கருதப்பட்ட இடத்தில் அவரை அமர்த்த எவரெஸ்ட் தயங்கவில்லை. பிற மாநிலங்களில் பட்டறைகளிலும் ஆலைகளிலும் உழைக்கும் நம்மவருக்கு, அவரைத் தம் முன்னோடிகளுள் ஒருவராகக் கொள்ள உரிமை உண்டு.

இவ்வளவும் கேட்டுவிட்டு என் தம்பி சொன்னது ஒன்றுதான்: “அப்படியானால் முதலில் ஒரு நல்ல வட்டம் வேண்டும், அண்ணே.”

அவன் சக்கின் முகத்தில் ஒன்றரை அடி நீளமுள்ள மூங்கிற் குச்சியை முள்ளாகக் கட்டினான். லாம்டனுடைய வட்டத்தின் ஆரமும் அதுவே. 80 மில்லிமீட்டர் தூணின் மேற்பரப்பில் ஒரு பாகை என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஏழு பங்கு. முள்ளின் நுனியிலோ எட்டு மில்லிமீட்டர். கருவி செய்தவர்கள் வட்டத்தை அவ்வளவு பெரிதாக்கியதன் காரணம் இதுதான். முள் நின்ற இடத்தில் சுவரோரப் பலகையில் ஒரு கோடு கிழித்து, யந்திரத்துக்கு ஒரு முழுச் சுற்று ஆணையிட்டோம். முள் கோட்டுக்கு 18 மில்லிமீட்டர் முன்னதாகவே நின்றுவிட்டது. அதே திசையில் பத்துச் சுற்று ஓட்டிப் பார்த்தோம். குறைவு 180 மில்லிமீட்டர்.

எதையும் கழற்றத் தேவையில்லை என்பது அப்போதே விளங்கிவிட்டது. சக் நழுவினாலோ பெல்ட் தாண்டினாலோ பிழை ஒரு நாள் ஒரு விதமாக இருக்கும். மையம் விலகியிருந்தால் பாதிச் சுற்றில் தோன்றி முழுச் சுற்றில் மறையும். பற்களுக்கிடையே பிளே இருந்தால் திசை மாறும்போது மட்டும் தலைகாட்டும். சுற்றுக்குச் சுற்று ஒரே அளவில் வளர்ந்துகொண்டே போகும் பிழைக்குக் காரணம் கணக்கில்தான் இருக்கமுடியும்.

கணக்கும் அப்படியே இருந்தது. அவனுடைய மோட்டார் ஒரு சுற்றை 200 அடியாக வைத்து நடக்கும். அவ்வொவ்வோர் அடியையும் மின்பெட்டி 16 சிற்றடிகளாகப் பிரிக்கிறது. மோட்டார் ஆறு முறை சுழன்றால் சக் ஒரு முறை சுழலும். 200, 16, 6 மூன்றையும் பெருக்கினால் 19,200. இதை 360ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 53 சிற்றடியும் மூன்றில் ஒரு பங்கும் வரும். அமைப்பில் எழுதியிருந்தது வெறும் 53. அந்த மூன்றில் ஒரு பங்கு 360 முறை விட்டுப்போய் 120 சிற்றடிகளாயிற்று. அதாவது இரண்டேகால் பாகை. தூணின்மேல் ஒன்றரை மில்லிமீட்டர். ராம்ஸ்டென் இதே ஆறு என்ற எண்ணைக் கொண்டுதான் பின்னமில்லாத வட்டத்தை அமைத்தார். இங்கே 360ஆல் வகுபடாத சிற்றடி எண்ணிக்கையோடு அது சேர்ந்ததால் பின்னம் புகுந்துகொண்டது. 53.333 என்று எழுதியவுடன் முள் கோட்டில் வந்து நின்றது. இப்போதும் ஒரு சிறு மீதி உண்டு. ஒரே திசையில் ஆயிரம் சுற்று ஓட்டினால் பழைய இரண்டேகால் பாகை மறுபடியும் எட்டிப்பார்க்கும். தூண் வேலைக்கு அது பொருட்டன்று.

பிறகு முள்ளை எதிர்த்திசையில் திருப்பி அதே கோட்டுக்குக் கொண்டுவந்தோம். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. இது கணக்கன்று; உண்மையான பிளே, கால் பாகை. அதற்கு அவன் பெல்ட்டைச் சிறிது இறுக்கியதோடு, ஒவ்வொரு வரியையும் ஒரே திசையிலிருந்து அணுகும்படி ஆணைகளை மாற்றி எழுதினான். பழைய அளவைக்காரர்களும் மரையாணியை எப்போதும் ஒரு பக்கமாகவே திருப்பிக் குறியின்மேல் கொண்டுவருவது வழக்கம் என்று சொன்னேன். “அவர்களுக்கும் பிளே இருந்ததா!” என்று சிரித்தான்.

பாழான தூணை அவன் எறியவில்லை. குறுக்களவைச் சிறிது குறைத்துக் கடைந்து மறுபடியும் வரியிட்டான். பூசை மாடத்தின் உட்புறத்துக்கு அது ஆயிற்று. லாம்டனுடைய தியோடலைட் டேராடூனில் இந்திய நில அளவைத் துறையின் காப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு முறையாவது அங்கே போய், கொட்டாப்புளி பட்ட அந்த ஆரக்கால்களைப் பார்த்துவரவேண்டும் என்கிறான் தம்பி. மழைக்காலத்தில் புறப்படலாம் என்று இருக்கிறோம்.